மரம் கட்டிக் கடல் கடந்தோர்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் அமைந்தது. அலையோசை இங்கே எட்டாது. உப்புக் காற்று வீசாது. எனினும் இந்நகரில் வாழும் தமிழருள் பலருக்குக் கடல் அயலன்று. 1809-ஆம் ஆண்டில் இங்கே படைக்குடியிருப்பு ஏற்பட்ட நாள் தொட்டும், 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்த பின்னரும், பிழைப்பு நாடி மேடேறி வந்த குடும்பங்களுள் கரையோர ஊர்களைச் சேர்ந்தனவும் உண்டு. ரசல் சந்தையில் பனிக்கட்டியின்மேல் கிடத்திய வஞ்சிரத்தையும் வவ்வாலையும் விலை பேசும் கைகளுள், ஒரு தலைமுறைக்கு முன் வலைக்கயிறு பிடித்த கைகளின் வழி வந்தவையும் இருக்கக்கூடும். அத்தகையோர்க்கும், கடலையே காணாத அவர்தம் பிள்ளைகட்கும் உரிய ஒரு பழஞ்செல்வத்தைப் பற்றி நாம் இங்கே சிந்திப்போம்.

உலக மொழிகளில் குடியேறிய தமிழ்ச் சொற்கள் சில உண்டு. சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அவ்வாறு சென்றவை. கட்டுமரம் என்னும் சொல்லும் அவற்றோடு கப்பலேறியது. ஆனால் சென்ற இடத்தில் அதன் பொருள் திரிந்துவிட்டது. இன்று மேனாட்டார் அப்பெயரால் குறிப்பது இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய விரைவுப் படகையே. 1876-இல் அமெரிக்கப் படகுச் சிற்பி நத்தானியேல் ஹெரெஷாஃப், ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடற் படகைச் செய்து நியூயார்க்குப் பந்தயத்தில் விட்டார். அவ்வகைப் படகுகளுக்கே இப்பெயர் நாளடைவில் நிலைபெற்றது. நம் பிள்ளைகளும் பள்ளியிலும் படங்களிலும் அந்தப் பொருளையே கற்கின்றனர். நம் கட்டுமரமோ இரட்டைப் படகன்று. அது ஒரு தெப்பம். தெப்பம் என்ற அளவில், அது உலகின் மிகத் துணிவான கடற்பயணங்கள் சிலவற்றிற்கு உறவுடையது.

படகிற்கும் தெப்பத்திற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்வோம். படகு நீரைத் தன்னுள் புகாமல் தடுத்து மிதப்பது. ஓட்டை விழுந்தால் மூழ்கும். தெப்பம் நீரைத் தன்னிடையே புகவும் வடியவும் விட்டு மிதப்பது. அதன் மிதப்பு உள்ளிருக்கும் வெற்றிடத்தால் வருவதன்று. மரத்தின் இலேசான தன்மையால் வருவது. ஆதலால் அலை மேலேறினும் அதனை மூழ்கடிக்க இயலாது. புரட்டலாம், ஆழ்த்த முடியாது. இந்த ஓர் உண்மையை உணர்ந்த மாந்தர் உலகின் பல மூலைகளிலும், ஒருவரையொருவர் அறியாமலே, மரங்களைப் பிணைத்துக் கடலில் இறங்கினர்.

தமிழில் இதற்குரிய சொற்களின் தொகையே நம் பழக்கத்தின் பழமையைக் காட்டும். புணை, மிதவை, தெப்பம், கட்டுமரம் என்பன யாவும் ஒரே குடும்பத்தின. கணியன் பூங்குன்றனார் உயிர்வாழ்க்கைக்கு உவமை தேடியபோது, மலையிலிருந்து பெருகிவரும் ஆற்றில் நீரின் வழியே செல்லும் புணையைத்தான் எடுத்துக்கொண்டார். தெப்பம் என்னும் சொல் கன்னடத்திலும் ‘தெப்ப’ என வழங்குகிறது. கோயிற்குளத்துத் தெப்பத் திருவிழாவை அவர்களும் ‘தெப்போத்சவ’ என்றே கொண்டாடுகின்றனர். கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் குறிப்பு நூல், சோழமண்டலக் கரைத் துறைகளைப் பற்றிச் சொல்லுமிடத்து, மரங்களைப் பிணைத்துச் செய்த பெருங்கலங்களைச் ‘சங்கரா’ என்று பெயர் சுட்டிக் கூறுகிறது. அச்சொல்லைச் சங்காடம் என்னும் நம் பழஞ்சொல்லோடு அறிஞர் இணைத்துக் காண்பர். சங்காடம் பின்னர்ச் சென்ற தொலைவைச் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

சோழமண்டலக் கரையில் மீனவர் படகை விடுத்துத் தெப்பத்தை ஏன் தேர்ந்தனர்? கரையின் இயல்பே அதற்குக் காரணம். சென்னை முதல் கோடிக்கரை வரை இயற்கைத் துறைமுகம் என ஒன்றில்லை. மணற்கரையை நோக்கி அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து உடைகின்றன. நீர் ஏந்தும் படகு அவ்வலைகளில் நிரம்பிவிடும். ஆணி அறைந்த பலகை தரையில் மோதிப் பிளந்துவிடும். கயிற்றால் பிணைத்த மரங்களோ அலையோடு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். ஏறிய நீர் இடுக்கு வழியே இறங்கிவிடும். மூன்று முதல் ஏழு வரையான இலேசான மரங்களைச் செதுக்கி, முன்புறம் மேல்நோக்கி வளையுமாறு கூர்த் துண்டுகளைச் சேர்த்து, தென்னை நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டுவர். இரும்பாணி ஒன்றும் இராது. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். நீர் ஊறிய மரம் கனக்கும் என்பது அவர்கள் கண்ட அறிவு. மறுநாள் மீண்டும் கட்டுவர். ஒவ்வொரு நாளும் பிரித்து ஒவ்வொரு நாளும் கட்டும் கலம் உலகில் அரிது.

இக்கலத்தை மேனாட்டார்க்கு அறிமுகம் செய்தவருள் முதன்மையானவர் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர். உலகைச் சுற்றிய அவருடைய பயண நூல் 1697-இல் வெளிவந்தது. அதில் அவர் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையில் தாம் கண்ட மரத்தெப்பங்களைப் பற்றி விரித்துரைக்கிறார். பெருஞ்சுமை ஏற்றிப் பாய்விரித்துச் செல்லும் தெப்பங்கள் அவை. அவற்றைச் சொல்லிவரும்போதே, இந்தியாவின் சோழமண்டலக் கரையிலும் இத்தகையன உண்டு என்றும், அங்கே அவற்றைக் கட்டுமரம் என்பர் என்றும் சேர்த்துரைக்கிறார். ஒன்றிரண்டு மரங்களின்மேல் இடுப்பளவு நீரில் அமர்ந்து துடுப்பிடும் தனி மனிதன், தொலைவிலிருந்து காண்போர்க்கு மீன்மேல் அமர்ந்தவன்போல் தோன்றுவான் என்பது அவர் தரும் சித்திரம். பெருவின் தெப்பமும் நம் கட்டுமரமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்துப் பேசப்பட்டன என்பதை நாம் நினைவில் வைப்போம்.

பிற்காலத்தில் சென்னைக்கு வந்த ஐரோப்பியர் பலர் கட்டுமரத்தைக் கண்டு வியந்தனர். துறைமுகம் கட்டத் தொடங்கிய 1875-ஆம் ஆண்டுக்கு முன், கப்பல்கள் கரையினின்று விலகியே நங்கூரமிடும். அலை பொங்கும் நாளில் வேறெந்தப் படகும் செல்லாதபோது, கட்டுமரக்காரர் கடிதங்களை நீர்புகாத கூம்புத் தொப்பியுள் வைத்துக்கொண்டு கப்பலுக்குச் செல்வர். அலை அடித்து வீழ்த்தினால் நீந்தி மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்வர். ஒரு நகரத்தின் வாணிகமும் ஆட்சியும் சில வேளைகளில் அந்தத் தொப்பியையே நம்பியிருந்தன.

இனி, உலகறிந்த தெப்பப் பயணத்திற்கு வருவோம். 1526-இல் பிசாரோவின் மாலுமியான பார்த்தொலொமே ரூயிஸ், இன்றைய ஈக்வடோர் நாட்டுக் கரைக்கு அப்பால் பாய்விரித்து வந்த ஒரு வணிகத் தெப்பத்தைக் கண்டார். அதில் ஏறத்தாழ இருபது பேர் இருந்தனர். ஆடைகளும் அணிகளும் சுமையாயிருந்தன. ஸ்பானியர் வருமுன்னரே அந்நாட்டார் தெப்பத்தில் கடல் வாணிகம் செய்தனர் என்பதற்கு அது சான்று. ஆயினும் அறிஞர் பலர், அத்தெப்பங்கள் கரையோரமாகவே செல்லும், நடுக்கடலில் நீரூறி ஆழ்ந்துவிடும் என்று முடிவு கட்டியிருந்தனர்.

இம்முடிவைச் செயலால் சோதிக்க முனைந்தவர் நார்வே நாட்டுத் தோர் ஹெயர்தால். ஈக்வடோர்க் காட்டில் பால்சா மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொணர்ந்து, ஒன்பது மரங்களைச் சணற்கயிற்றால் பிணைத்தார். அவற்றுள் நீண்டது 45 அடி. மேலே மூங்கிலால் ஒரு சிறு குடில். சதுரப் பாய் ஒன்று. ‘கோன்-டிக்கி’ என்று பெயரிட்ட அத்தெப்பத்தில் ஐந்து நார்வேயரும் சுவீடன் நாட்டு பெங்க்ட் டேனியல்சனும் ஏறினர். 1947 ஏப்ரல் 28-ஆம் நாள் பெருவின் கய்யாவோத் துறையை விட்டு நீங்கினர். 101 நாட்களில், ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் கடந்து, ஆகஸ்டு 7-ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் ராரோயியாப் பவளத்திட்டில் மோதிக் கரையேறினர். அறுவரும் உயிருடன் இருந்தனர்.

புறப்படுமுன் வல்லுநர் கூறிய எச்சரிக்கைகள் இரண்டு. மரம் நீரூறி மூழ்கும் என்பது ஒன்று. மரங்களின் உராய்வில் கயிறு அறுந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் பொய்த்தன. மரங்களை உலர்த்தாமல் பச்சையாகவே பயன்படுத்தியதால் உள்ளிருந்த சாறு கடல்நீர் விரைவில் புகாமல் காத்தது. பால்சா மென்மையானதாகையால் கயிறு மரத்தினுள் பதிந்து காப்புப் பெற்றது, தேயவில்லை. வன்மையால் அன்று, மென்மையால் நிலைத்தது அத்தெப்பம். நம் மீனவர் உலர்த்தி எதிர்கொண்ட இடரை அவர்கள் பச்சை மரத்தால் எதிர்கொண்டனர். நாள்தோறும் கரை திரும்புவோர்க்கு உலர்த்தல் தகும். நூறு நாள் கரை காணாதார்க்கு அது தகாது. வழி வேறாயினும் மரத்தின் இயல்பை அறிந்த அறிவு ஒன்றே.

தெப்பத்தில் ஒரு பெருங்குறை உண்டு. அது திரும்பி வாராது. ஒரு நாள் காற்றில் பறந்த படுக்கைப் பையைப் பிடிக்க முயன்ற ஹெர்மன் வாட்சிங்கர் கடலில் வீழ்ந்தார். தெப்பமோ காற்றின் வழியே போய்க்கொண்டிருந்தது. நிறுத்தவும் இயலாது, திருப்பவும் இயலாது. எறிந்த மிதவையும் எதிர்காற்றில் திரும்பியே வீழ்ந்தது. அப்பொழுது க்னுட் ஹாக்லண்ட் மிதவையைக் கையிற் பற்றிக் கயிற்றோடு கடலில் குதித்து, நீந்தி அவரை அடைந்தார். மற்றவர் கயிற்றை இழுத்து இருவரையும் மீட்டனர். தனியொருவனாய்க் கட்டுமரத்தில் செல்லும் நம் மீனவனுக்குக் கயிறு இழுக்க யார் இருக்கின்றனர் என்று எண்ணும்போது அவன் துணிவின் அளவு நமக்குப் புலனாகும்.

அந்நூறு நாட்களில் அவர்கள் உண்டது என்ன? கொண்டுசென்ற உணவு இருந்தது. ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட நன்னீரும் இருந்தது. ஆயினும் கடலே அவர்கள் அடுக்களையாயிற்று. இரவில் விளக்கொளியைக் கண்டு தாவிய பறவைக் கோலா மீன்கள் தெப்பத்தின்மேல் வீழ்ந்து கிடக்கும். விடியற்காலையில் அவற்றைப் பொறுக்குவதே சமையற்காரரின் முதற்பணி. அக்கோலாவையே தூண்டிலில் குத்தினால் அதனைவிடப் பெரிய மீன் அகப்படும். பச்சையும் நீலமும் பொன்னுமாய் ஒளிர்ந்து, சாகும்போது நிறம் மாறும் டோராடோ மீன்கள் தெப்பத்தின் நிழலைவிட்டு அகலவே இல்லை. சூரை மீன்கள் கூட்டமாய் வந்தன. சுறாக்கள் பின்தொடர்ந்தன, அவற்றை வாலைப்பற்றி மேலிழுக்கவும் அவர்கள் பழகிக்கொண்டனர். கணவாய்கள் நீரினின்று பாய்ந்து குடிலின் கூரைமேலும் வீழ்ந்தன. ஒரு நாள் தெப்பத்தைவிட நீண்டதாய்த் தோன்றிய திமிங்கிலச் சுறா ஒன்று அடியே புகுந்து சுற்றி, பின் ஆழத்தில் மறைந்தது. மெல்லிய துணிவலையை நீரில் இழுத்துக் கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிர்களையும் வடித்து உண்டு பார்த்தனர்.

மீன்கள் ஏன் தெப்பத்தைத் தேடி வருகின்றன? விரிந்த கடலில் மிதக்கும் பொருள் எதுவாயினும் அது ஒரு தீவு. அதன் அடியில் பாசியும் சிப்பியினமும் ஒட்டி வளரும். அவற்றைத் தேடியும் நிழலை நாடியும் சிறுமீன் ஒதுங்கும். சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். இயந்திரக் கப்பல் விரைந்து, ஓசையிட்டு, நீரைக் கலக்கிச் செல்வதால் அதன்மேல் இருப்போர் கடலை வெறுமையாகவே காண்பர். நீரோடு நீராக மெல்லச் செல்லும் தெப்பத்தில் இருப்போர்க்கே கடல் தன் உயிர்களைக் காட்டும். 1993-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் காற்றையும் கடல்நிலையையும் அளக்க ஆழ்கடலில் நிறுத்திய மிதவைகளைச் சுற்றியும் மீன் திரளுகிறது. மீனவரும் அங்கே செல்கின்றனர். காரணம் இதுவே.

கோன்-டிக்கியைப் பின்பற்றிப் பலர் கிளம்பினர். 1952-இல் பிரெஞ்சு மருத்துவர் அலேன் பொம்பார், கப்பலிழந்தோர் கடலிலிருந்தே உணவு பெற்றுப் பிழைக்கலாம் என்று காட்ட விரும்பி, சிறு ரப்பர்ப் படகில் தனியே கனேரித் தீவுகளிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்தார். 65 நாட்களுக்குப் பின் பார்படோஸ் தீவை அடைந்தார். மீனைப் பிழிந்த சாற்றைக் குடித்ததாகவும், சிறிதளவு கடல்நீரும் பருகியதாகவும் அவர் கூறினார். கடல்நீர் பருகுதலை மருத்துவ உலகம் ஏற்கவில்லை; அது தாகத்தை வளர்த்து உடலை வாட்டும் என்றே இன்றும் எச்சரிக்கிறது. 1954-இல் வில்லியம் வில்லிஸ் என்னும் அறுபது வயது கடந்த கடலோடி, ஏழு பால்சா மரங்களைப் பிணைத்து, ஒரு பூனையையும் ஒரு கிளியையும் துணைகொண்டு பெருவிலிருந்து சமோவாத் தீவுவரை தனியே சென்றார். 1970-இல் ஸ்பெயின் நாட்டு வித்தால் அல்சார் மூன்று தோழருடன் ‘லா பால்சா’ என்னும் தெப்பத்தில் ஈக்வடோரிலிருந்து 161 நாட்களில் ஆஸ்திரேலியாவையே எட்டினார். அதே ஆண்டில் ஹெயர்தால், நாணற்புல்லால் கட்டிய ‘ரா-2’ என்னும் கலத்தில் மொராக்கோவிலிருந்து 57 நாட்களில் பார்படோஸ் சேர்ந்தார்.

இப்பயணங்களால் விளைந்த அறிவு யாது? பசிபிக் தீவுகளில் முதன்முதற் குடியேறியவர் தென்னமெரிக்கர் என்பது ஹெயர்தாலின் கொள்கை. அது நிலைக்கவில்லை. அத்தீவினரின் மொழியும் மரபணுவும் தென்கிழக்காசியாவையே அவர்தம் தாயகமாகக் காட்டுகின்றன. ஆயினும் இரு திசையாரும் சந்தித்ததே இல்லை என்ற எதிர்க்கொள்கையும் நிலைக்கவில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து அத்தீவுகளுக்கு முன்னரே சென்றிருந்தது. 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, கி. பி. 1200-ஐ ஒட்டி இரு மக்களும் கலந்தனர் என்று காட்டியது. யார் யாரிடம் சென்றனர் என்பது இன்னும் ஆய்வுக்குரியது. தெப்பம் வரலாற்றை நிறுவவில்லை. ‘இயலாது’ என்று சொன்ன வாயை அடக்கியது. அறிவுலகில் அதுவும் ஒரு தொண்டே.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். ஆறு பேர் நூறு நாள் சென்றதை உலகம் அறியும். அவர்கள் நூல் எழுதினர், படம் எடுத்தனர். நாகப்பட்டினக் கரையிலிருந்து ஆண்டுதோறும் தெப்பத்தில் ஆழ்கடல் சென்று பறவைக் கோலாவைப் பிடித்து வந்தோரை எத்துணைப் பேர் அறிவர்? அவர்கள் சென்ற கலம் ‘கோலா மரம்’ எனப்பட்டது. அது கட்டுமரங்களுள் பெரியது, பாய் தாங்கியது, கரை கண்ணுக்கு மறையும் தொலைவுக்குச் சென்று கடலிலேயே இரவு தங்குவதற்கென்று அமைந்தது. கோடைக்காலத்தில் முட்டையிடும் பருவத்தில் கோலா மீன்கள் சோழமண்டலக் கடலில் திரளும். அம்மீனின் முட்டையில் ஒட்டும் இயல்புள்ள நூலிழைகள் உண்டு. மிதக்கும் தழை, குச்சி முதலியவற்றில் அவை பற்றிக்கொள்ளும். இதனை அறிந்த நம் மீனவர் செடிகளின் தழையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கயிற்றில் கோத்து மரத்தின் பின்னே மிதக்கவிடுவர். முட்டையிட இடந்தேடும் மீன்கள் தழையைச் சுற்றி மொய்க்கும். உடனே சிறு கைவலையால் அவற்றை முகந்தெடுப்பர்.

சென்னை மாகாணத்து மீன்வளத் துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1923-இல் இம்முறையைப் பற்றித் தனியே ஓர் ஆய்வுரை எழுதினார். கோலாவின் முட்டையிடும் இயல்பைப் பற்றி அவர் கற்றது இம்மீனவரின் தொழிலிலிருந்தே. பொம்பாரும் ஹெயர்தாலும் சென்று சேர்ந்த பார்படோஸ் தீவைச் சூழ்ந்த கடலிலும் மீனவர் இவ்வாறே தழைக்கட்டுகளை மிதக்கவிட்டுக் கோலாவைப் பிடிக்கும் வழக்கம் உண்டு. எழுத்தறியாதார் எனப்பட்டோர் இரு பெருங்கடல்களில் ஒரே உண்மையைக் கண்டறிந்தனர்.

கோலா மரத்தில் திசைமானி கிடையாது. பகலில் கோபுரத்தையும் பனந்தோப்பையும் நேர்ப்படுத்தி இடமறிந்தனர். அவை மறைந்தபின் காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு அறிந்தனர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசையால் பெயர் வைத்தனர். ஆழத்தைப் பாகம் என்னும் அளவால் கயிறு விட்டு அளந்தனர். இரவில் ஆறாமீனும் விடிவெள்ளியும் வழிகாட்டின. கோன்-டிக்கியினரோ வானொலிக் கருவியும் கோணமானியும் கொண்டு சென்றனர். அவர்கள் துணிவை நாம் குறைத்துரைக்கவில்லை. அவர்களுக்கு அது வாழ்வில் ஒருமுறை வாய்த்த வீரச்செயல். கோலா மரத்தார்க்கோ அது ஆண்டுதோறும் வரும் பருவத் தொழில். வேறுபாடு இதுவே.

சங்காடம் சென்ற தொலைவைக் காண்போம் என்றோம். போர்ச்சுகீசியர் மலையாளக் கரையில் ‘சங்ஙாடம்’ என்ற சொல்லைக் கேட்டனர். பின்னர்ப் பிரேசில் நாட்டுக் கரையில் பழங்குடி மீனவர் மரங்களைப் பிணைத்துக் கடலில் செல்வதைக் கண்டபோது, அதற்கு ‘ஜங்காடா’ என்று அந்த இந்தியப் பெயரையே இட்டனர். இன்றும் அந்நாட்டு வடகிழக்குக் கரையின் தெப்பத்திற்கு அதுவே பெயர். 1941-இல் போர்த்தலேசா நகரத்து மீனவர் நால்வர், ‘ஜக்கரே’ என்று அழைக்கப்பெற்ற மனுவேல் ஒலிம்பியோ மெய்ராவின் தலைமையில், அத்தகைய தெப்பம் ஒன்றில் ஏறித் தலைநகராயிருந்த ரியோ டி ஜெனிரோவுக்குப் புறப்பட்டனர். 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அத்தொலைவைத் திசைமானியின்றி 61 நாட்களில் கடந்தனர். அவர்கள் சென்றது சாதனை நிகழ்த்த அன்று. பிடித்த மீனில் பாதியைத் தெப்ப உடைமையாளர்க்குக் கொடுத்து, முதுமையில் ஓய்வூதியமும் இன்றி வாடும் தம் இனத்தாரின் குறையை அதிபர் ஜெதுலியோ வர்காசிடம் நேரில் உரைக்கவே சென்றனர். நாடே திரண்டு வரவேற்றது. தொழிலாளர்க்குரிய காப்புரிமைகளை அவர்களுக்கும் நீட்டுவதாக அதிபர் அறிவித்தார். மறு ஆண்டு, அப்பயணத்தைத் திரைப்படமாக்க ஆர்சன் வெல்ஸ் வந்தபோது, 1942 மே 19 அன்று ரியோ கடலில் தெப்பம் கவிழ்ந்து ஜக்கரே உயிரிழந்தார். நம் நாட்டுச் சொல்லைப் பெயராகத் தாங்கிய ஒரு தெப்பம், உழைப்பவன் உரிமைக்குத் தூது சென்ற வரலாறு இது.

நம் கரையில் கட்டுமரம் இன்று அருகிவிட்டது. இழுவைப் படகுகள் பெருகின. மிதக்கும் மரம் கிடைப்பது அரிதாயிற்று, விலையும் ஏறிற்று. 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார், அலை உடையும் கரையில் ஏற்றத்தக்க புதுவகைப் படகுகளைச் செய்து சோதித்தனர். வெளிப்பொருத்து இயந்திரமும் கண்ணாடி இழைப் படகும் பரவின. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான கட்டுமரங்களை உடைத்தெறிந்தது. உதவியாக வந்தவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடி இழைப் படகுகளே. அவற்றால் மீனவர்க்கு விரைவும் எளிமையும் வாய்த்தன. அதனை நாம் குறைகூற வேண்டியதில்லை. நாள்தோறும் உயிரைப் பணயம் வைப்போரிடம் பழமையைக் காக்குமாறு கரையிலிருந்து கேட்பது முறையன்று.

இவ்வரலாற்றில் பெங்களூருவுக்கும் ஒரு பங்குண்டு. 1938-இல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1988-இல் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக உயர்ந்த ஆய்வகம் மல்லேசுவரத்தில் உள்ளது. கடல்நீரில் மரத்தைத் துளைக்கும் புழுவினங்களையும், அவற்றினின்று கட்டுமரம் முதலிய கலங்களைக் காக்கும் முறைகளையும் அந்நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அதற்கென விசாகப்பட்டினத்தில் ஒரு மையமும் நடத்தினர். கடலில்லா ஊரிலிருந்து கடல்மரத்திற்கு மருந்து தேடப்பட்டது.

கலம் மறைவது காலத்தின் இயல்பு. அறிவு மறைய வேண்டியதில்லை. கோன்-டிக்கியின் மரங்கள் நார்வேயின் ஆஸ்லோ நகரில் காட்சிசாலையில் காக்கப்படுகின்றன. நம் கோலா மரத்தின் கதையோ முதியோரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது; அம்முதியோருள் சிலர் இன்று மக்களோடு வெளிமாநில நகரங்களில் வாழ்கின்றனர். எந்த மரத்தை எந்த மரத்தோடு சேர்ப்பர், எந்தக் காற்றுக்குப் பாயை இறக்குவர், எத்தழையைக் கட்டிக் கோலாவை அழைப்பர் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது நம்மால் இயலும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் சில மாலைப்பொழுதுகளும் போதும். எழுதியவர் பயணம் வரலாறு ஆயிற்று. எழுதாதவர் பயணம் பிழைப்பு என்றே நின்றது. அப்பிழைப்பினுள் இருந்த வரலாற்றை எழுத்தில் ஏற்றும் கடமை, எழுத்தறிவு பெற்ற அவர்தம் வழித்தோன்றல்களாகிய நம்முடையது.